பிள்ளை பிடிக்கிறவர்கள்

ஸ்ரீரங்கத்தில் நான் சிறு பையனாக இருந்தபோது எனக்குச் சாதம் ஊட்டுவதற்கு என் பாட்டி ஓர் உபாயம் வைத்திருந்தாள். "இப்போ வாயைத் திறக்கலேன்னா குறவன்கிட்டப் பிடிச்சுக் குடுத்துடுவேன், பார்த்துக்கோ!" என்பாள். வாய் தானாகத் திறந்துகொள்ளும். தயிர்சாதமும் மாவடுவும் தாமாகவே உள்ளே போய்விடும்.

பூச்சாண்டியை நாலு வயசுக்கு மேல் எந்தக் குழந்தையும் நம்புவதில்லை. குறவன் விஷயம் அப்படி அல்ல. கொள்ளிடக் கரையில் கழுதைகளோடும் நாய்களோடும் வந்து தங்குகிறவர்களை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்கள் கூட்டத்துப் பெண்கள் கூடையும் முறமும் தலையில் அடுக்கிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வருவார்கள். பாட்டி திண்ணையில் உட்கார்ந்துகொண்டு ஒரு முறத்துக்கு ஒரு மணி நேரம் பேரம் பேசுவாள். நான் தூணுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பேன். ஒரு தடவை வந்தவளுடைய புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு என் வயசில் ஒரு பெண் குழந்தை நின்றது. என்னைக் கண்டதும் அது தாயின் பின்னால் ஒளிந்துகொண்டது. அந்தக் குழந்தையைக் கண்டு நான் பயப்பட்டதற்குப் பாட்டியின் கதை காரணம். என்னைக் கண்டு அது ஏன் பயப்பட வேண்டும்? நானோ தொட்டால் அழுகிற பிள்ளை.

அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். குறவர்கள் பிறர் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்களா? எங்கள் தெருவில் அப்படிக் காணாமற்போன குழந்தை ஒன்றுகூட இல்லை. கிழவர் கிழவிகளை விசாரித்தேன். அவர்கள் காலத்திலும் இல்லை. எல்லோரும் வேறு யாரோ சொல்லக் கேட்டவர்கள்தான். ஆனால், குறவர்களுடைய பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்று இந்த நாட்டில் ஒரு சட்டமே இருந்தது. அதை யாரோ சொல்லக் கேட்க வேண்டியதில்லை. அச்சடித்த புத்தகத்தில், 17-ஆவது பிரிவில் இருக்கிறது.

வள்ளி குறவர் வீட்டுப் பெண் என்று சொல்லிப் பூரித்துப்போகாத தமிழர் இல்லை. குறத்தி வந்து குறி சொல்வதற்கென்றே குறவஞ்சி என்று ஒரு நூல் வகையைப் படைத்து வைத்திருக்கிறோம். பாட்டில் வரும் குறத்தி மலையிலே தேனும் தினையும் வைத்துக்கொண்டு சுகமாக இருப்பாள். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருச்சி ஜில்லாவில் நிஜமாக நடமாடிய குறவர்களின் கதை வேறு. அவர்களில் ஒரு பெரும் பிரிவினர் வியாபாரிகள். கழுதைகளின் மேலும் பொதிமாடுகளின் மேலும் கடற்கரையிலிருந்து உப்பை ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக் கிராமங்களில் விற்று, அங்கிருந்து தானியம் ஏற்றிக்கொண்டு திரும்புவார்கள். உப்புக் குறவர் என்று பெயர் வந்தது அதனால்தான். கறிவேப்பிலை விற்றவர் கறிவேப்பிலைக் குறவர். இஞ்சி விற்றவர் இஞ்சிக் குறவர். வண்டிப் பாதை இல்லாத கிராமத்துக்கு உப்பு வேண்டுமானால் அவர்கள் வந்தால்தான் உண்டு.

அப்புறம் அடுத்தடுத்து அடி விழுந்தது. நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பிய ரெயில் பாதை 1862-இல் திருச்சிராப்பள்ளியை எட்டியது. மூன்று நாள் கழுதை சுமந்த உப்பு மூன்று மணியில் வந்து இறங்கத் தொடங்கியது. உப்பை சர்க்கார் தன் ஏகபோகமாக வைத்துக்கொண்டு அதற்கு வரியும் விதித்தது. 1876-இலிருந்து 78 வரை தாது வருஷப் பஞ்சம். மாடுகளும் கழுதைகளும் செத்தன. 1882-இல் சென்னை மாகாணக் காட்டுச் சட்டம் வந்தது. மூங்கில் வெட்டிக் கூடை முடையலாம் என்றால் அதற்கும் தடை. மாடு மேய்க்கலாம் என்றால் அதற்கும் தடை. இவ்வளவும் செய்துவிட்டு, "இவர்களுக்குப் பார்வையில் படும்படியான ஜீவனோபாயம் ஒன்றும் இல்லை; ஆகையால் இவர்கள் திருடர்கள்" என்று துரைமார்கள் எழுதி வைத்தார்கள். இப்படி ஒரு தர்க்கத்தை எந்த நாவலில் எழுதினாலும் படிப்பவர்கள் சிரிப்பார்கள். சட்டத்தில் எழுதினால் யாரும் சிரிப்பதில்லை.

திருடியவர்கள் இல்லவே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. பசித்தவர்களில் சிலர் திருடினார்கள். எல்லா ஜாதியிலும் திருடினார்கள். ஆனால், ஒருவன் திருடினால் அவனுடைய தம்பியும், தம்பி மகனும், இன்னும் பிறக்காத பேரனும் திருடர்கள் என்று தீர்மானித்ததுதான் விசேஷம். 1871-இல் வட இந்தியாவுக்கென்று செய்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911-இல் மாற்றி எழுதிச் சென்னை மாகாணம் உள்பட நாடு முழுவதற்கும் விரித்தார்கள். 1924-இல் மறுபடியும் திருத்தி எழுதினார்கள். ஒரு கூட்டத்தாரைக் குற்றப் பரம்பரை என்று கெஜட்டில் போட்டுவிட்டால் அது சரியா, தவறா என்று எந்தக் கோர்ட்டிலும் கேட்க முடியாது. பெயரைப் பதிய வேண்டும். கைரேகை வைக்க வேண்டும். ராத்திரி 11 மணிக்கும் 3 மணிக்கும் ஆஜர் கொடுக்க வேண்டும். ஊரை விட்டுப் போக வேண்டுமானால் சீட்டு வாங்க வேண்டும். நம்முடைய ஜனங்கள் இதற்கு வைத்த பெயர் கைரேகைச் சட்டம்.

இவையெல்லாம் பெரியவர்களுக்கு. 17-ஆவது பிரிவு குழந்தைகளுக்கு. ஆறு வயசுக்கு மேல் பதினெட்டு வயசுக்குள் இருக்கும் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து, தொழிற்பள்ளிகளிலோ விவசாயப் பள்ளிகளிலோ சீர்திருத்தப் பள்ளிகளிலோ கொண்டு வைக்கலாம் என்கிறது அது. அதற்கு முன்பு வடக்கே 1897-இல் செய்த திருத்தத்தில் நாலு வயசிலிருந்தே பிரிக்கலாம் என்று இருந்தது. நாலு வயசு! என் பாட்டி எனக்குத் தயிர்சாதம் ஊட்டிய வயசு. பிள்ளை ஒன்றும் செய்திருக்க வேண்டியதில்லை. பிறந்திருந்தால் போதும்.

இந்த இடத்தில் திருச்சிக் கோட்டையில் நடந்த பழைய சம்பவம் ஒன்று எனக்கு ஞாபகம் வருகிறது. 1760-களின் தொடக்கத்தில் அங்கே வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்தது. சிப்பாய்கள் பலர் மாண்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அநாதைகளாகத் தெருவில் நின்றார்கள். தரங்கம்பாடியிலிருந்து வந்திருந்த ஷ்வார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார் அந்தக் குழந்தைகளைச் சேர்த்து ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். தெப்பக்குளத்துக்கருகில் அவர் எழுப்பிய மாதாகோவிலை இன்றைக்கும் பார்க்கலாம். அவருடைய மதப் பிரசாரத்தைப் பற்றி யாருக்கு எந்த அபிப்பிராயம் இருந்தாலும், அநாதைக் குழந்தைக்குச் சோறும் எழுத்தும் கொடுத்ததைக் குறை சொல்ல முடியாது. அங்கே வெடிமருந்து குழந்தைகளை அநாதை ஆக்கிற்று. பள்ளிக்கூடம் அவர்களை எடுத்துக்கொண்டது. நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு வந்த சட்டம் அதைத் தலைகீழாகச் செய்தது. தாயும் தகப்பனும் உயிரோடு கூப்பிடு தூரத்தில் இருக்கும்போதே பள்ளிக்கூடத்தின் பொருட்டுக் குழந்தையை அநாதை ஆக்கியது.

இந்த வேலையை சர்க்கார் தானே முழுவதும் செய்யவில்லை. ஆள் பிடித்துக் கொடுத்தது. அந்த ஆட்களில் முக்கியமானவர்கள் சால்வேஷன் ஆர்மி என்ற இரட்சணிய சேனையார். அவர்களுடைய தலைவர் பூத்-டக்கர் ஒரு சுவையான மனிதர். ஐ.ஸி.எஸ். உத்தியோகத்தை உதறிவிட்டு வந்தவர். காவி உடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடப்பார். பக்கீர் சிங் என்று தமக்குப் பெயரும் வைத்துக்கொண்டார். நாவலாசிரியனுக்குக் கிடைத்தற்கரிய பாத்திரம். இவரே குற்றவாளிகளைக் குணப்படுத்துவதை ஒரு வைத்திய சாஸ்திரமாகக் கருதி, அதற்கு ஒரு வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயரும் சூட்டிப் புத்தகம் போட்டவர். கிழட்டுத் தலைமுறை திருந்தாது, பிள்ளைகளைப் பெற்றோரின் வாசனை படாமல் வளர்த்தால்தான் பரம்பரை மாறும் என்பது இந்தச் சாஸ்திரத்தின் முக்கியமான சூத்திரம்.

1913-இல் குண்டூர் ஜில்லாவில் பாபட்லாவுக்கு அருகே ஸ்டூவர்ட்புரம் என்ற குடியேற்றம் உண்டாயிற்று. சென்னைக் கவர்னரின் நிர்வாக சபையில் இருந்த ஹெரால்ட் ஸ்டூவர்ட் துரையின் பெயரை அதற்கு வைத்தார்கள். அங்கே கொண்டு வைக்கப்பட்ட எருகுலர்கள் நம்முடைய குறவர்களின் தெலுங்கு தேசத்து உறவினரே. காவலியில் அமெரிக்கப் பாப்டிஸ்ட் மிஷன் இதேபோல ஒரு குடியேற்றம் நடத்தியது. தமிழ்நாட்டில் தென்னார்க்காட்டு அஜீஸ் நகர் இருந்தது. பெரியவர்களுக்கு வயல் வேலை, அல்லது அருகில் இருந்த ஆலை வேலை. ஸ்டூவர்ட்புரத்தார் சீராலாவில் இருந்த புகையிலைக் கம்பெனிக்கு வேலைக்குப் போனார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் தனி விடுதியும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பிள்ளை விடுதியில் இருக்கும்வரை தகப்பன் ஓடிப்போக மாட்டான். முள்வேலி செய்யாத காவலை நாலாம் வாய்ப்பாடு படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை செய்துவிடும்.

அங்கே இருந்தவர்கள் எல்லோரும் கொடியவர்கள் என்று சொன்னால் அது பொய்யாகும். கடல் கடந்து வந்து, காய்ச்சலிலும் அம்மையிலும் பிறர் பிள்ளைகளுக்குப் பணிவிடை செய்த பெண்கள் அவர்களில் உண்டு. ஆனால், ஒவ்வொரு நாளும் ஒரு குழந்தைக்கு அன்பாகச் சோறு போட்டு, அன்பாகப் பாடம் சொல்லி, "உன் அப்பா கெட்டவர், அவரைப்போல் ஆகாதே" என்று அன்பாகவே சொல்லிக்கொண்டிருந்தால் அந்தக் குழந்தை என்ன ஆகும்? பிரம்படி ஆறிவிடும். இது ஆறுமா என்று எனக்குத் தெரியவில்லை.

என் தாத்தாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லலாமா, வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

தாத்தா சர்க்கார் குமாஸ்தா. எந்த ஆபீஸ் என்பது முக்கியம் அல்ல. அது இப்போது இல்லை. முத்து முத்தான கையெழுத்து அவருக்கு. அந்தக் கையெழுத்தினாலேயே 'ரைட்டர்' என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். சாந்தமானவர், எறும்பை மிதித்தாலும் வருத்தப்படுகிறவர். அவர் காலமான பிறகு பரணையில் இருந்த அவருடைய தகரப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது அடியில் சில பழைய காகிதங்கள் கிடைத்தன. வரிசை வரிசையாகப் பெயர்கள். பெயர், தகப்பன் பெயர், வயசு, அங்க அடையாளம். சில பெயர்களுக்கு எதிரே கட்டை விரலின் மை. பாட்டி அப்போது இருந்தாள். "இது என்ன, பாட்டி?" என்று கேட்டேன்.

"தாத்தா எழுதின குறவா லிஸ்டுடா. அவர் வாராவாரம் சைக்கிள்ளே போலீஸ்காராளோட போய் ஆள் எண்ணிட்டு வருவர்" என்றாள். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்ததுபோல் சிரித்தாள். "அவர் சைக்கிள் மணி கேட்டாலே அதுகள் குழந்தைகளையெல்லாம் புதருக்குள்ளே ஒளிச்சு வெச்சுடுமாம். அழற குழந்தையை, 'ரைட்டர் வரார், பிடிச்சுண்டு போயிடுவார்'னு சொல்லி அடக்குவாளாம். தாத்தாவே சொல்லியிருக்கார். சொல்லிட்டு அன்னிக்கு மோர்கூடக் குடிக்கலை."

பாட்டி அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூணுக்குப் பின்னால் நான் நின்றதும், தாயின் பின்னால் அந்தப் பெண் ஒளிந்ததும் கண்ணெதிரே வந்தன. அவளுடைய பாட்டி அவளுக்கு என்ன சொல்லியிருப்பாளோ!

தாத்தா எந்தக் குழந்தையையும் எங்கும் கொண்டுபோய் விட்டவர் அல்லர். பெயர் எழுதியவர், அவ்வளவுதான். ஆனால், பெயர் எழுதாமல் ஒரு குழந்தையையும் கொண்டுபோக முடியாது.

இந்த மாதிரிக் காரியம் உலகத்தில் நம் நாட்டில் மட்டும் நடந்தது அல்ல. அமெரிக்காவில் 1879-இல் கார்லைல் என்ற ஊரில் ஆதிக்குடிப் பிள்ளைகளுக்கென்று ஒரு விடுதிப் பள்ளி ஏற்பட்டது. அதன் மாதிரியில் பிறகு பல எழுந்தன. கனடாவில் பாதிரிமார்கள் நடத்த, சர்க்கார் பணம் கொடுக்க, நாடு முழுவதும் ஏற்பட்ட பள்ளிகளில் ஏறக்குறைய 1,50,000 ஆதிக்குடிக் குழந்தைகளை வைத்தார்கள். போன உடனே கூந்தலைக் கத்தரிப்பார்கள். பெயருக்குப் பதில் எண். தாய்மொழியில் பேசினால் அடி. காசநோயில் குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். சர்க்காரின் வைத்திய அதிகாரியான பிரைஸ் என்பவரே அதை 1907-இல் எழுதிக் கொடுத்தும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1920-இல் பிள்ளையை அனுப்பித்தான் ஆகவேண்டும் என்று சட்டத்தை இறுக்கினார்கள். கடைசிப் பள்ளி மூடப்பட்டபோது 1990-கள் நடந்துகொண்டிருந்தன.

அங்கே படித்து வந்தவர்கள் தகப்பன்மார்களும் தாய்மார்களும் ஆனபோதுதான் வேறொரு கோளாறு வெளிப்பட்டது. அவர்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? மடியில் வைத்துக் கதை சொல்லும் பாட்டியை அவர்கள் கண்டதில்லை. அழுதால் தேற்றும் தாயைக் கண்டதில்லை. மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் சாப்பிட்டு, மணி அடித்தால் தூங்கிப் பழகியவர்கள். தங்கள் பிள்ளைகளைக் கட்டிக்கொள்ளக் கை வரவில்லை. குடி அவர்களைப் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தின் வாசலையே மிதிக்காத பேரப்பிள்ளைகள்கூட அந்தப் பள்ளிக்கூடத்தின் பலனை அனுபவித்தார்கள்.

கனடாவின் பிரதமர் ஹார்ப்பர் 2008-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் தேதி பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார். அங்கு அமைத்த உண்மை அறியும் கமிஷன் 6,500 பேருக்கு மேல் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டு, 2015-இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. அதே 2008-இல் பிப்ரவரி மாதம் ஆஸ்திரேலியப் பிரதமர் ரட், பிரித்தெடுக்கப்பட்ட குழந்தைகளிடம் மன்னிப்புக் கோரினார். 2024-இல் அமெரிக்க ஜனாதிபதி பைடனும் கேட்டார். மன்னிப்பினால் செத்த குழந்தை எழுந்து வராது. ஆனால், கிழவர் ஒருவர், "என்னை இன்ன இடத்தில் இன்னது செய்தார்கள்" என்று ஊரறியச் சொல்ல, எதிரே உட்கார்ந்து ஒருவர் எழுதிக்கொள்கிறார் அல்லவா? நம்முடைய கிழவர்களிடம் அப்படிக் கேட்பதற்கு யாரும் கமிஷன் வைக்கவில்லை. வைப்பதற்குள் அவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள்.

மேலே சொன்ன 1920 என்ற வருஷம் தமிழ்நாட்டுக்கும் மறக்கக்கூடாத வருஷம். ஏப்ரல் 3-ஆம் தேதி, உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்து நின்ற பிரமலைக் கள்ளர்களைப் போலீஸார் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண்மணி உள்பட 16 பேர் மாண்டார்கள். மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப் அந்த மக்களுக்காக வழக்காடினார். அவரை அவர்கள் 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்தார்கள். பின்னால் முத்துராமலிங்கத் தேவர் இந்தச் சட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார்.

துப்பாக்கிக்குப் பிறகு அதே சர்க்கார் அந்தச் சீமைக்குப் பள்ளிக்கூடங்களைக் கொண்டு போயிற்று. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் என்று அவற்றுக்குப் பெயர். சீரமைப்பு என்ற சொல்லில் அவமானம் இருக்கத்தான் இருக்கிறது. ஆனாலும் இங்கே விளைவு வேறாக இருந்தது. நான் பலமுறை இதை யோசித்திருக்கிறேன். அந்தப் பள்ளிகளில் பெரும்பாலானவை கிராமத்துக்குள்ளேயே இருந்தன. பிள்ளை காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வரும். ஊரார் பணம் பொதுநிதியாகச் சேர்ந்தது. ஊர்க்காரன் பையன் அதே பள்ளியில் வாத்தியாரானான். போலீஸ்காரனைக் கண்டு ஓடியவன் பேரன் போலீஸ் அதிகாரியானான். மதுரை, தேனி, திண்டுக்கல் ஜில்லாக்களில் முந்நூற்றை ஒட்டிய பள்ளிகள் அந்தப் பெயரோடு வளர்ந்தன. அவற்றை வேறு துறையோடு சேர்க்கலாம் என்று 2023-இல் சர்க்கார் பேச்செடுத்தபோது, கூடாது என்று சண்டைக்கு வந்தவர்கள் அந்த ஜனங்களே. தண்டனையாக வந்த பொருளை உடைமையாக்கிக்கொண்ட சாமர்த்தியம் அவர்களுடையது. அதைக் கொடுத்தவர்களுக்குப் பெருமை சேராது.

குறவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்கள் சிதறிக் கிடந்தவர்கள். ஓர் ஊரைத் தங்கள் ஊர் என்று சொல்லிக்கொள்ள முடியாதவர்கள். சென்னை மாகாணத்தில் 1947-இலேயே சட்டம் ஒழிந்தது. நாடு முழுவதும் 1952-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் தேதி ஒழிந்தது. அதற்குள், 1948-லேயே, வாடிக்கைக் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்று வேறொன்று இங்கே வந்துவிட்டது. முன்வாசலை மூடிப் பின்வாசலைத் திறந்த கதைதான். ஊரில் எங்கே களவு போனாலும் முதலில் குறவர் தெருவுக்குப் போகும் பழக்கம் போலீஸாரை விட்டுப் போகவில்லை. 1993-இல் தென்னார்க்காட்டுப் பக்கம் ஒரு குறவர் திருட்டுச் சந்தேகத்தின் பேரில் பிடித்துக்கொண்டு போகப்பட்டு, காவலில் அடிபட்டே இறந்தார். அந்த வழக்கைத்தான் 2021-இல் 'ஜெய் பீம்' என்று படமாக எடுத்தார்கள். படத்தில் அவரை இருளராக்கி விட்டார்கள். குறவர் என்ற பெயர் அங்கேயும் விடுபட்டுப் போயிற்று.

பழைய சட்டம் ஒழிந்தாலும் நம் வாய்ப்பேச்சில் அது இன்னும் அமலில் இருக்கிறது. 'கேப்மாரி' என்று நாம் திட்டுகிறோமே, அது என்ன சொல் தெரியுமா? அந்தச் சட்டத்தின் கீழ் கெஜட்டில் ஏறிய ஒரு சமூகத்தின் பெயர். தமிழ்நாடு சர்க்காரின் சீர்மரபினர் பட்டியலில் உள்ள 68 சமுதாயங்களின் பெயர்களைப் படித்துப் பாருங்கள். 'தோகைமலைக் குறவர் அல்லது கேப்மாரி' என்று ஒரு வரி இருக்கிறது. தோகைமலை நம் குளித்தலைக்குப் பக்கத்து ஊர்தான். ஒரு பையன் ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பம் எழுதும்போது ஜாதி என்ற கட்டத்தில் ஊரார் வசைச் சொல்லை எழுத வேண்டியிருக்கிறது. குமாஸ்தா சிரிக்காமல் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். நல்ல குமாஸ்தாவாக இருந்தால் சிரிக்க மாட்டார். ஒரே வம்சத்தில் ஒரு கிளை தாழ்த்தப்பட்டோர் பட்டியலிலும், இன்னொரு கிளை சீர்மரபினர் பட்டியலிலும் இருப்பது வேறு கூத்து. அதே சீர்மரபினரைப் 'பழங்குடிகள்' என்று குறிப்பிட்டு வந்ததை 1979-இல் 'வகுப்புகள்' என்று மாற்றினார்கள்; 2019-இல் இரண்டு விதமாகவும் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள்.

நரிக்குறவர்கள் இவர்களில் வேறானவர்கள். பாசிமணி விற்கும் அவர்கள் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி என்ற வடநாட்டுப் பாஷை. எங்கள் பாட்டி இரண்டு கூட்டத்தாரையும் ஒன்றாகவே நினைத்திருந்தாள். நம்மில் பாதிப்பேர் இன்னும் அப்படித்தான். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில்தான் பார்லிமெண்டில் நிறைவேறியது. திருவெறும்பூருக்கு அப்பால் தேவராயநேரியில் அவர்களுடைய குடியிருப்பு இருக்கிறது. அங்கே அவர்கள் சமூகத்தாரே முன்னின்று தங்கள் குழந்தைகளுக்கு உறைவிடப் பள்ளி நடத்தியிருக்கிறார்கள். பெற்றவர்கள் திருவிழா திருவிழாவாக அலையும்போது பிள்ளை ஓரிடத்தில் தங்கிப் படிக்க வேண்டாமா? அதற்காக அவர்களே தேடிக்கொண்ட வழி.

உறைவிடப் பள்ளி என்றாலே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஸ்ரீரங்கத்துப் பாடசாலைகளிலேயே ஏழு வயசுப் பையன்கள் அம்மாவை விட்டு வந்து வேதம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவை நினைத்து ராத்திரி அழாத பையன் இருந்திருக்க மாட்டான். ஆனால், ஆவணி அவிட்டத்துக்கோ பொங்கலுக்கோ அப்பா வந்து கூட்டிக்கொண்டு போவார். வீட்டில் அவனை உட்கார வைத்து, "எங்கே, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டுப் பூரிப்பார்கள். படித்தது அவனை வீட்டுக்கு இன்னும் நெருக்கமாக்கும்.

இதை மனசில் வைத்துக்கொண்டுதான் சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பச்சைமலைக்குப் போனேன். துறையூரிலிருந்து சோபனபுரம் போய் அங்கிருந்து மலைப்பாதையில் ஏற வேண்டும். மேலே மலையாளிகள் என்ற பழங்குடியினர் வாழ்கிறார்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தார் என்று எண்ணிவிடக் கூடாது. மலையை ஆளுகிறவர்கள் என்று பொருள். பேசுவது தமிழ். காஞ்சீபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் பூர்வ கதையைச் சொல்லிக்கொள்கிறார்கள். மரவள்ளிக் கிழங்கும் முந்திரியும் பலாவும் விளைகின்றன. ஆங்காங்கே சர்க்காரின் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் வாசலில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர் மஞ்சள் பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பையன் ஆறாம் வகுப்பாம். ஊர், இரண்டு மலை தாண்டி நடந்து வர வேண்டிய தூரம். பையில் அவித்த மரவள்ளிக் கிழங்கு, இன்னும் சூடாக இருந்தது.

"பிள்ளையை விட்டுட்டு இருக்கிறது கஷ்டமா இல்லியா?" என்று கேட்டேன்.

"கஷ்டந்தாங்க. அவங்க அம்மா முத வாரம் பூரா சாப்பிடல. ஆனா நாங்களாத்தானே கொண்டாந்து விட்டோம்? வேணும்னா இன்னிக்கே நாங்களாக் கூட்டிட்டுப் போயிடுவோம். யாரு கேக்கிறது?" என்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் அதிகாரியோ என்று சந்தேகம் வந்துவிட்டது போலும்! இல்லை, கதை எழுதுகிறவன் என்றேன். அதில் அவருக்குப் பெரிய நிம்மதி உண்டானதாகத் தெரியவில்லை.

சற்றுப் பொறுத்து அவரே பேசினார். "ஒண்ணுதாங்க. லீவுக்கு வந்தா காட்டுக்குள்ள வர மாட்டேங்கிறான். இவன் வயசில நான் எந்த மரத்தில தேன் இருக்குன்னு மோப்பத்திலே சொல்லுவேன். இவனுக்கு அட்டை கடிச்சா அழுகை வருது. எங்கப்பாரு என்னைக் கேக்கிறாரு, 'ஏன்டா, பையனைப் படிக்க விட்டியா, வித்துட்டியா'ன்னு." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவ்வளவு சிரிப்பாக இல்லை அது.

பையன் உள்ளேயிருந்து ஓடி வந்தான். கால்சட்டை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. தகப்பனார் அதை இழுத்துச் சரி செய்துவிட்டு, கிழங்கை உரித்து ஊதி ஊதிக் கொடுத்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். பையன் வாய் நிறைய வைத்துக்கொண்டு, யாரோ ஒரு சார் வந்தது, யாரோ ஒருவன் கீழே விழுந்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். தகப்பனார் ஒவ்வொன்றுக்கும் "அப்பிடியா!" என்றார்.

மூன்றரை மணிக்குத் துறையூர் பஸ் வந்தது. நான் எழுந்தேன். அவர் கீழே சந்தையில் ஏதோ வாங்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். "வரவில்லையா?" என்று கேட்டேன்.

"நீங்க போங்க, சாமி. அடுத்த பஸ்ஸில வர்றேன். பையன் தின்னு முடிக்கட்டும்" என்றார்.